பருந்துகளோடு பறந்த பெண்கள்

“விளையாட்டு சோறு போடுமா?” இந்தக் கேள்வியைக் கேளாத வீடு நம் செலியமேட்டிலும் இல்லை, பாகூரிலும் இல்லை. மாலை மணி அடித்ததும் புத்தகப் பையை வைத்துவிட்டு மைதானத்திற்கு ஓடும் பெண்ணைப் பார்த்துப் பாட்டியும் கேட்கிறாள். பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கும்போது அப்பாவும் கேட்கிறார். கேள்வியில் குற்றம் இல்லை. பெண்ணின் எதிர்காலத்தைப் பற்றிய கவலைதான் அப்படி வாய்விட்டு வருகிறது. ஆகவே கோபப்படாமல், பொறுமையாக விடை தேடுவதே முறை.

அந்த விடையைத் தேடி நாம் சிறிது தொலைவு போக வேண்டும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரின் கிழக்குப் புறத்தில் ரிங்வுட் என்று ஒரு புறநகர் உண்டு. அங்குள்ள கூடைப்பந்துக் கழகத்திற்கு ‘ரிங்வுட் ஹாக்ஸ்’ என்று பெயர். ஹாக்ஸ் என்றால் பருந்துகள். அந்தப் பருந்துகளின் கூட்டத்தில் நம் நாட்டுப் பெண்களும் இடம்பெற்று ஆடியிருக்கிறார்கள். அக்கழகம் எப்படிப்பட்டது, அங்கே நம் பெண்கள் எவ்வாறு போய்ச் சேர்ந்தார்கள், அதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது என்பதை இங்குக் காண்போம்.

கூடை பிறந்த கதை

உலகில் பெரும்பாலான ஆட்டங்களுக்குப் பிறந்த நாள் தெரியாது. நம் கபடியை முதலில் ஆடியவர் யார், பாண்டி ஆட்டத்திற்கு முதற்கோடு கிழித்தவர் யார் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. கூடைப்பந்தின் கதை அப்படியன்று. அதைக் கண்டுபிடித்தவர் பெயரும், ஆண்டும், மாதமும் நமக்குத் தெரியும்.

1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. வெளியே கடுங்குளிர், பனி கொட்டுகிறது. மாணவர்கள் மைதானத்தில் ஆட முடியாமல் உள்ளே அடைபட்டுக் கிடந்தார்கள். தினமும் ஒரே தேகப்பயிற்சி, அவர்களுக்குச் சலித்துவிட்டது. கூரைக்குக் கீழே ஆடத்தக்க புதிய ஆட்டம் ஒன்றை உருவாக்கும்படி ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியரிடம் சொன்னார்கள். அவர் கனடா நாட்டில் பிறந்தவர்.

நெய்ஸ்மித் நன்றாக யோசித்தார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால்தானே மற்றவர்கள் இடித்துத் தள்ளுகிறார்கள்? ஆகவே பந்தோடு ஓடக்கூடாது என்று ஒரு விதி செய்தார். இலக்கு தரையில் இருந்தால் பந்தை வேகமாக அடிப்பார்கள். அதுவே தலைக்கு மேலே இருந்தால் மெல்ல வளைத்துப் போட வேண்டியிருக்கும். ஆகவே இலக்கை உயரத்தில் வைத்தார். பள்ளிக் காவலாளியிடம் இரண்டு பெட்டிகள் கேட்டார். பெட்டி கிடைக்கவில்லை, பீச்சுப் பழம் வைக்கும் கூடைகள்தாம் கிடைத்தன. அவற்றை மாடத்தின் கைப்பிடியில், தரையிலிருந்து 10 அடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார்கள். அந்த 10 அடி, அஃதாவது 3.05 மீட்டர், இன்றுவரை மாறவே இல்லை. வகுப்பில் 18 பேர். பக்கத்திற்கு 9 பேராகப் பிரிந்து ஆடினார்கள். மொத்த விதிகள் 13. கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால், பந்து விழுந்ததும் ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டியிருந்ததாம்!

பெட்டி கிடைத்திருந்தால் ஆட்டத்தின் பெயரே வேறாக இருந்திருக்குமோ என்னவோ!

பெண்கள் கைக்கு வந்த பந்து

ஆட்டம் பிறந்து சில மாதங்களே ஆன நிலையில், 1892-இல், ஸ்பிரிங்பீல்டுக்கு அருகிலுள்ள நார்தாம்டன் நகரின் ஸ்மித் மகளிர் கல்லூரியில் அது நுழைந்தது. அதைக் கொண்டுவந்தவர் செண்டா பெரன்சன் என்னும் உடற்கல்வி ஆசிரியை. லித்துவேனியாவிலிருந்து சிறு வயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். பெண்கள் வியர்வை சிந்தி ஓடுவது நாகரிகமன்று என்று எண்ணிய காலம் அது. 1893 மார்ச்சில் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் மோதினார்கள். ஆடவர் யாரும் பார்க்கக்கூடாது என்று கதவை அடைத்துவிட்டுத்தான் ஆடினார்கள்.

பெரன்சன் அம்மையார் ஆடுகளத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்பவள் அடுத்த பகுதிக்குப் போகக்கூடாது. ஒருத்தி கையிலுள்ள பந்தை மற்றவள் பறிக்கக்கூடாது. இவ்விதிகள் இன்று நமக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அன்று, பெண்களுக்கு விளையாட்டே வேண்டாம் என்றவர்களின் வாயை அடைக்க அவை உதவின. கதவு முழுவதும் திறக்காதபோது, சற்றே திறந்த இடைவெளி வழியாக அவர் தம் மாணவியரை அழைத்துச் சென்றார். 1985-இல் நெய்ஸ்மித் பெயரால் அமைந்த கூடைப்பந்துப் புகழ் மன்றம் முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது, அவர்களுள் ஒருவராகப் பெரன்சனின் பெயரும் இடம்பெற்றது.

மகளிர்க்கான கூடைப்பந்து இங்கிலாந்துக்குப் போய், சற்றே உருமாறி, வலைப்பந்து ஆயிற்று. அதில் ஓர் அணிக்கு ஏழு பேர். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓட முடியாது. ஆஸ்திரேலியாவில் இந்த வலைப்பந்தைத்தான் 1970 வரை ‘பெண்கள் கூடைப்பந்து’ என்று அழைத்து வந்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் பிறந்த நம் இனத்துப் பெண் தர்ஜினி சிவலிங்கம், இலங்கை அணிக்காக வலைப்பந்து ஆடி, ஆசியப் பட்டங்கள் வெல்லத் துணைநின்றவர். 6 அடி 10 அங்குல உயரம் உள்ள அவர், 2019-இல் லிவர்பூலில் நடந்த உலகக் கோப்பையில் மற்றெல்லாரையும் விட அதிகமான கோல்கள் போட்டார். அவரும் ஆஸ்திரேலியக் கழக அணிகளில் ஆடியவரே.

நம் நாட்டிற்கு வந்த வழி

இந்தியாவிற்குக் கூடைப்பந்து வந்ததில் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் பங்கு பெரிது. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்குப் பயின்ற ஆசிரியர்கள் நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று பள்ளிகளில் பணியாற்றினார்கள். அவர்கள் கையோடு ஆட்டமும் சென்றது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1934-இல் டில்லியில் நடைபெற்றது. இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் 1950-இல் அமைந்தது. 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக் பந்தயத்தில் இந்திய ஆடவர் அணி ஆடியது.

தமிழ்நாட்டில் கூடைப்பந்துக்கு என்றே பெயர் பெற்ற ஊர்கள் உண்டு. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடை விடுமுறையில் நடத்தும் அகில இந்தியப் போட்டியைக் காண ஊரே திரண்டு வரும். கோயம்புத்தூரிலும் அப்படியே. நம் புதுவையில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் பெண்களும் ஆண்களுக்கு நிகராக உடற்பயிற்சி செய்வது நெடுங்கால வழக்கம்.

ஆஸ்திரேலியாவில் கழகங்கள் வளர்ந்த விதம்

ஆஸ்திரேலியா என்றால் நமக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்குக் கூடைப்பந்து ஊன்றியதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் லித்துவேனியா, லாத்வியா, எஸ்தோனியா முதலிய நாடுகளிலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள். அவர்கள் தங்கள் ஊரில் ஆடிய ஆட்டத்தை மறக்கவில்லை. குடியேறிய இடங்களில் கழகங்கள் அமைத்தார்கள். மற்றொன்று, 1956-இல் மெல்போர்னில் நடைபெற்ற ஒலிம்பிக். அதில்தான் ஆஸ்திரேலியா முதன்முறையாக ஒலிம்பிக் கூடைப்பந்து ஆடியது.

1979-இல் ஆடவர்க்கான தேசியத் தொடரும், 1981-இல் மகளிர்க்கான தேசியத் தொடரும் தோன்றின. மகளிர் தொடர் வளர வளர நாட்டின் அணியும் வலுப்பெற்றது. ஆஸ்திரேலிய மகளிர் அணி 2000, 2004, 2008 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் வெள்ளிப் பதக்கம் பெற்றது. 2006-இல் பிரேசிலில் உலகச் சாம்பியன் பட்டமும் வென்றது. இவ்வளவு சிறிய மக்கள்தொகை கொண்ட நாட்டிற்கு இது எப்படி முடிந்தது? ரிங்வுட் போன்ற ஊர்க் கழகங்கள் அடித்தளமாக இருந்ததே முக்கியமான காரணம்.

‘அரைத் தொழில்முறை’ என்றால் என்ன?

தேசியத் தொடருக்கு அடுத்த படியில் மாநிலத் தொடர்கள் உள்ளன. விக்டோரியா மாநிலத்தில் அப்படிப்பட்ட தொடருக்குப் ‘பிக் வி’ என்று பெயர். ரிங்வுட் ஹாக்ஸ் அதில் ஆடிய கழகம். பிறகு 2019-இல் தொடங்கிய என்.பி.எல்.1 என்னும் பெரிய தொடரின் தென் பிரிவிலும் அது இடம்பெற்றது. இவற்றையெல்லாம் அரைத் தொழில்முறைப் போட்டிகள் என்கிறார்கள். இச்சொல்லைச் சற்று விளக்க வேண்டும்.

ஆடுவதையே பிழைப்பாகக் கொண்டவர் தொழில்முறை ஆட்டக்காரர். காசு வாங்காமல் ஆசைக்கு ஆடுபவர் அமெச்சூர். இரண்டிற்கும் நடுவே நிற்பவர்தாம் அரைத் தொழில்முறை ஆட்டக்காரர். அவர் காலையில் பள்ளியில் பாடம் நடத்தலாம், மருத்துவமனையில் தாதியாக இருக்கலாம், கல்லூரியில் படிக்கலாம். மாலையில் பயிற்சிக்கு வருவார். வார இறுதியில் போட்டி ஆடுவார். கழகம் அவருக்கு ஓரளவு பணம் கொடுக்கும். அந்தப் பணத்தை மட்டும் நம்பி எல்லாராலும் குடும்பம் நடத்த முடியாது.

கழகத்திற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரிய செல்வர் யாரும் கொட்டுவதில்லை. எட்டு, பத்து வயதுச் சிறுவர் சிறுமியரிலிருந்து தொடங்கி, வயதுவாரியாக எத்தனையோ அணிகள் கழகத்தின்கீழ் ஆடுகின்றன. ஒவ்வொரு பிள்ளையும் கட்டும் சந்தாவும் ஆட்டக் கட்டணமும் முதல் வருவாய். போட்டி நாளில் வாங்கும் நுழைவுச் சீட்டு, தின்பண்டக் கடை, ஊர்க் கடைக்காரர்கள் தரும் விளம்பரம் ஆகியவை அடுத்த வருவாய். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் ஊதியம் வாங்காத தொண்டர்கள். ஒரு பெண்ணின் தந்தை பயிற்சியாளர்; இன்னொருத்தியின் தாய் மேசையில் அமர்ந்து புள்ளிக்கணக்கு எழுதுவார்; அண்ணன் நடுவராக ஊதல் ஊதுவான். பத்து வயதுச் சிறுமி தன் ஆட்டம் முடிந்ததும், அதே அரங்கில் பெரிய அக்காமார் ஆடுவதை உட்கார்ந்து பார்க்கிறாள். “நானும் ஒருநாள்” என்று அவள் நெஞ்சில் விழும் விதையே கழகத்தின் பெரிய சொத்து.

ஒரு ஊரில் ஏரி இருந்தால், மழை பெய்யும்போது நீர் சேர்ந்து, வேண்டும்போது மதகு வழியாக வயலுக்குப் பாயும் அல்லவா? நம் பாகூர் ஏரியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். ஊர்க் கழகம் ஓர் ஏரி. திறமை என்னும் மழைநீர் எங்கும் பெய்கிறது. தேக்கிவைக்க இடம் இருக்கும் ஊரில்தான் அது பயன்படுகிறது.

பருந்துக் கூட்டில் கீத்து

2006 மார்ச்சில் மெல்போர்னில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அவ்விளையாட்டுகளில் கூடைப்பந்து இடம்பெற்றது அதுவே முதன்முறை. அதே ஆண்டில்தான் கேரளத்தைச் சேர்ந்த கீத்து அன்னா ஜோஸ் ரிங்வுட் மகளிர் அணியில் சேர்ந்தார். 2006 முதல் 2008 வரை அக்கழகத்திற்காக ஆடினார். ஆஸ்திரேலியக் கழகம் ஒன்றில் ஊதியத்திற்கு ஆடிய முதல் இந்தியப் பெண் அவரே.

கீத்து 1985-இல் கோட்டயம் மாவட்டத்தில் பிறந்தவர். 6 அடி 2 அங்குல உயரம். சங்கனாச்சேரியில் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் அசம்ப்ஷன் மகளிர் கல்லூரியில் படித்தவர். நம் பள்ளியைப் போன்ற ஒரு நிறுவனத்தின் வளாகத்தில் பயின்ற பெண் கடல் கடந்து ஆடினார் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. பின்னர்ச் சென்னையில் தென்னக இரயில்வேயில் பணியாற்றிக்கொண்டே ஆடினார். இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 2011-இல் அமெரிக்காவின் மகளிர் தொழில்முறைத் தொடரைச் சேர்ந்த சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை. ஆயினும் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்த முதல் இந்தியப் பெண் என்ற பெருமை அவருக்கே. 2014-இல் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.

அவருக்குப் பின் வயநாட்டைச் சேர்ந்த பி. எஸ். ஜீனாவும் ரிங்வுட் அணியில் ஆடினார். கேரள மின்சார வாரிய அணியின் ஆட்டக்காரர். 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைவி அவர்தான். பாதை ஒருத்தி போட்டுவிட்டால், அடுத்தவளுக்கு நடப்பது எளிது!

நம் நாட்டு ஏற்பாடு

கீத்து இரயில்வேயிலும் ஜீனா மின்சார வாரியத்திலும் வேலை பார்த்தார்கள் என்பதைக் கவனித்தீர்களா? இதுதான் நம் நாட்டின் ‘அரைத் தொழில்முறை’. ஆஸ்திரேலியாவில் ஊர் ஒரு கழகத்தை நடத்துகிறது. இங்கே அலுவலகம் ஓர் அணியை நடத்துகிறது. இரயில்வே, வங்கி, காவல்துறை, மின்சார வாரியம் ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுக்கின்றன. மாதச் சம்பளம் வரும். பயிற்சிக்கும் போட்டிக்கும் விடுப்புக் கிடைக்கும். ஆடும் வயது கடந்த பின்னும் வேலை நிலைத்திருக்கும். இரயில்வேயில் விளையாட்டை வளர்ப்பதற்கான வாரியம் 1928-லேயே அமைந்துவிட்டது. தேசிய மகளிர் போட்டிகளில் இரயில்வே அணி நெடுங்காலம் கொடிகட்டிப் பறந்ததற்கு இந்த ஏற்பாடே காரணம். 2018 ஜனவரியில் சென்னையில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் கேரளா இரயில்வேயை வென்றபோது அது பெருஞ்செய்தியாகப் பேசப்பட்டதும் அதனால்தான்.

“சோறு போடுமா?” என்ற கேள்விக்கு இங்கே விடை சொல்ல ஒருவர் இருக்கிறார். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, பள்ளி நாளில் பந்தைத் தொட்டவர். 19 வயதில் இந்திய அணியின் தலைவியானார். ஆசியச் சாம்பியன் போட்டிகளில் ஒன்பது முறை நாட்டிற்காக ஆடினார். தென்னக இரயில்வே அவருக்கு வேலை கொடுத்தது. திருமணம் ஆகி, தாயான பின்னும் மீண்டும் களத்தில் இறங்கினார். 2013-இல் தோகாவில் மூவர் அணிக்கான ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் குழுவில் அவரும் ஒருவர். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆனால் ஓர் உண்மையையும் மறைக்கக் கூடாது. அலுவலக வேலை சிலருக்கே கிடைக்கும். ஓர் அணியில் 12 பேருக்குத்தான் இடம். நூறு பெண்கள் ஆடினால் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த வாயிலுக்குள் நுழைய முடியாது. நம் நாட்டு ஏற்பாடு மேலே சென்ற பெண்ணைக் காப்பாற்றுகிறது. கீழே தொடங்கும் பெண்ணுக்கு அதனால் நேரடியாகக் கிடைப்பது குறைவு. பள்ளி முடிந்ததும் பெரும்பாலான பெண்கள் பந்தை வைத்துவிடுகிறார்கள். ஆடுவதற்கு ஊரில் இடமில்லை. கூட ஆடுவதற்குத் தோழியரில்லை. ரிங்வுட்டின் ஏற்பாடோ நூறு பேரையும் களத்தில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. ஒருத்தி மேலே போவாள்; மற்றவர்கள் பயிற்சியாளராக, நடுவராக, கணக்கெழுதுபவராக, குறைந்தது நல்ல உடல்நலம் உள்ள தாயாகத் தொடர்வார்கள். இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நம்மால் ஆகக்கூடியது

முழு ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். நம் ஊரில் ஒரு நெற்களத்திற்கு அது பெரிய இடமன்று. மூவர் ஆட்டத்திற்கு அதில் பாதியும் ஒரே வளையமும் போதும். 45 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள இரும்பு வளையம் ஒன்று, அதைத் தாங்கும் கம்பம், பலகை, மகளிர்க்குரிய 6-ஆம் எண் பந்து இரண்டு மூன்று, கெட்டியான சமதரை. இவ்வளவுதான் தேவை. கட்டைவிட அரிதானவை வேறு உண்டு: வாரம் தவறாமல் வரும் பத்துப் பெண்கள், பொறுப்பெடுத்துக்கொள்ளும் இரண்டு பெரியவர்கள், மாலையில் இருட்டும் முன் வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் பாதுகாப்பு. இம்மூன்றும் இருந்தால் கழகம் தானே பிறந்துவிடும்.

உயரம் குறைவு என்று தயங்கும் தோழியருக்கும் ஒரு சொல். ஐவரில் உயரமானவள் வளையத்தின் அடியில் நின்றால் போதும். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிப்பவள் பெரும்பாலும் குட்டையானவளே. 6.75 மீட்டர் தூரத்துக் கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளிகள். அதற்கு வேண்டியது கண்ணும் மணிக்கட்டும்தான். ஒரு கையால் ஓசை எழாது என்பார்கள். ஐந்து பேரும் ஒரே எண்ணத்தோடு நகர்ந்தால்தான் இந்த ஆட்டத்தில் கூடை விழும்.

இனி, பாட்டி கேட்கும்போது தலையைக் குனிய வேண்டாம். “சிலருக்குச் சோறும் போட்டிருக்கிறது பாட்டி, மற்ற எல்லாருக்கும் உண்ட சோறு செரிக்கவும், நிமிர்ந்து நடக்கவும், நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யவும் கற்றுக்கொடுத்திருக்கிறது” என்று பணிவாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அடுத்த போட்டிக்குப் பாட்டியையும் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள். ரிங்வுட்டில் கழகம் வளர்ந்தது ஆடியவர்களால் மட்டுமன்று, உட்கார்ந்து பார்த்தவர்களாலும்தான்.